எந்தக் கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பா லாரியோடு வெளியூர் போயிருக்கிறார், அவரும் நன்றாக இருப்பதாக நேற்றுப் பேசினார். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அது தப்பாக இருந்தால் மறைக்காமல் எழுது. கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறாயா, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், நம் அணில்தான், எழுதும்போதும் எதையோ கொறித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பதறாதே. என் வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள், இன்றைக்குத்தான் வெட்டி எடுத்தார்கள், விரல்கள் மரத்துப்போய் பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கின்றன. சைக்கிளில் போகும்போது ஒரு கார்க் கதவு பட்டுக் கீழே விழுந்தேன், மணிக்கட்டில் எலும்பு லேசாக விரிசல் விட்டது, நீ வாங்கி அனுப்பிய ஹெல்மெட்டில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். போனில் சொல்லியிருந்தால் நீ பாதியிலேயே அழத் தொடங்கி, மீதியைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க ஓடியிருப்பாய், வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால்தான் கை சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது சரியாகிவிட்டது, சொல்கிறேன்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஆள்காட்டி விரலின் நுனியில் உணர்ச்சி இல்லாமல் இருந்தது. நரம்பு அழுந்தியிருக்கலாம், கட்டுப் பிரிக்கும்வரை எதுவும் சொல்ல முடியாது, சில பேருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி எங்கே இருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது அந்த விரல்தான். அது இல்லாமல் நான் தையல் கடையில் என்ன செய்வேன், பட்டன் எண்ணிக் கொடுப்பேனா. இன்று கட்டை வெட்டியதும் டாக்டர் குண்டூசி முனையால் அந்த விரலைத் தொட்டார். ஆ என்று கத்திவிட்டேன். வலிக்கிறதா என்றார். வலிக்கிறது டாக்டர், ரொம்ப நன்றி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குண்டூசியை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஒரு கிழிந்த தலையணை உறையை எடுத்து நாலு தையல் போட்டுப் பார்த்தேன், குடித்தவன் நடந்த மாதிரி கோணல்மாணலாக வந்தது, ஆனால் துணி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

நீயும் வேலைக்குப் போக பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்துக்கொண்டே படித்தேன், இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். நம் காரை விற்றுவிட்டு நான் சைக்கிளுக்கு மாறியபோது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், உன் அப்பா உட்பட. இப்போது எனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, கடை வாசலில் கார் நிறுத்த இடம் தேடி யாரிடமும் திட்டு வாங்குவதில்லை. ஆனால் சிலவற்றை நீ கேட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் தலைமுடியைக் கெடுக்கிறது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான், இனி சொல்லமாட்டேன். மேகம் கறுத்தாலே பின்விளக்கைப் போட்டுவிடு. பாவாடையோ துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது. கடையில் ரோட்டு வேலைக்காரர்களின் உடுப்பைச் சின்னதாக்கித் தைக்கும்போது மிஞ்சும் பளபளப்புப் பட்டையை அணிலின் பையிலும் என் மேல்சட்டையிலும் தைத்திருக்கிறேன், உனக்கும் ஒன்று இதோடு வைக்கிறேன். உன் அப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது, லாரிக்குப் பக்கவாட்டில் போய் ஒட்டி நிற்காதே, என் கண்ணாடியில என் மூஞ்சி உனக்குத் தெரியலேன்னா நீயும் எனக்குத் தெரியலேன்னு அர்த்தம் என்றார். இன்னொன்று நானே கண்டுபிடித்தது. என்னை இடித்த கதவுக்குச் சொந்தக்காரர் கடைத்தெருப் பல் டாக்டர், அவரேதான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அங்கே இறங்கும்போது கதவுப் பக்கத்து வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையால் குறுக்கே எட்டிக் கதவைத் திறக்கப் போனேன், உடம்பு தானாகத் திரும்பிவிட்டது, பார்த்தால் பின்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருக்கிறது. நீங்க காலைல இந்தக் கையால திறந்திருந்தா நாம ரெண்டு பேரும் இங்கே வந்திருக்க மாட்டோம் என்று அவரிடம் சொன்னேன். பாவம், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மறக்காமல் இருக்கப் பல் இடுக்கில் விடுகிற நூலைக் கதவின் பிடியில் கட்டி வைத்திருக்கிறாராம். நீயும் யார் காரில் போனாலும் கதவுக்குப் பக்கத்துக் கையை மடியில் வைத்துவிட்டு மற்றக் கையால் திற.

உன் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் எழுதமாட்டேன் என்று சிணுங்குகிறாள், நான் விடப் போவதில்லை. நாங்கள் இருவரும் போகும்போது அவள் முன்னால், நான் பின்னால். நிற்கிற காருக்குள் ஆள் அசைவதைப் பார்த்தால் நான் கதவு என்று கத்துவேன் என்பது எங்கள் ஏற்பாடு. அன்றைக்குக் கத்தினேன், அந்த நொடியே நின்றாள், அதனால்தான் அவளுக்கு நகம்கூடப் பெயரவில்லை. ஒரு சொல்லுக்கு நின்னுட்டா என் பொண்ணு என்று டாக்டரிடமும் கடையிலும் சொல்லாத ஆள் இல்லை. கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்காவும் தன் மகனோடு போகும்போது கதவு என்றுதான் கத்துகிறாளாம். நீயும் உன் அறைத்தோழியும் சேர்ந்து போவதாக இருந்தால் இதையே செய்யுங்கள். திங்கட்கிழமை டாக்டர் சம்மதித்தால் நான் கடைக்கு நடந்து போகப் போகிறேன், அடுத்த மாதம் சைக்கிள். காலையில் இதைப் படித்துப் பார்த்துவிட்டு மீதியை முடிக்கிறேன், இவள் ல, ள இரண்டையும் ஒன்றாக்கியிருப்பாள்.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. இனி நானாக எழுதுகிறேன். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். சைக்கிளின் முன்விளக்கைக் கழற்றி வந்து சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், பெரிய விளக்கைப் போட்டால் எழுந்து வந்துவிடுவாள்.

நான் அம்மாவின் சொல்லுக்கு நிற்கவில்லை. நின்றது உண்மை, ஆனால் அம்மா நினைப்பதற்காக இல்லை. நம் வீட்டில் கதவு என்றால் ஒரே கதவுதானே, பூட்டியாயிற்றா என்று அம்மா கேட்கிற வாசல் கதவு. படியிறங்கும்போது கதவு, தெருமுனையில் கதவு, பாதி தூரம் போன பிறகு ஒருமுறை கதவு. நீ இருந்தபோது உன்னைக் கேட்டாள், நீ போன பிறகு உன் பங்கையும் சேர்த்து என்னைக் கேட்கிறாள். அன்றைக்கு நான்தான் கடைசியாக வெளியே வந்தேன், சாவியைத் திருப்பினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மருந்துக்கடையைத் தாண்டிக் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் பின்னாலிருந்து அம்மா கதவு என்று கத்தினாள். எனக்கு வீட்டுக் கதவுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன், முன்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பி, பூட்டிட்டேன்மா என்று கத்தினேன். அம்மா என் மேல் இடித்துவிடாமல் இருக்க ரோட்டுப் பக்கம் ஒடித்தாள். சரியாக அப்போது எனக்குச் சற்று முன்னால் நின்ற காரில் பல் டாக்டரின் கதவு திறந்தது. நான் நின்ற இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். கதவின் ஓரம் அம்மாவின் ஹேண்டிலில் மாட்டி, சைக்கிள் அப்படியே சுழன்றது. பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது பிரேக் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. பஸ் தள்ளித்தான் நின்றது, பயப்படாதே. டிரைவர் இறங்கி வந்து எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டினார், பிறகு அம்மாவின் முதுகில் இருந்த பட்டையைக் காட்டி, இது பளிச்சுனு தெரிஞ்சுச்சு, அதான் முன்னாடியே வேகத்தைக் குறைச்சேன் என்றார். ஹெல்மெட்டில் இருப்பது சின்னக் கீறல் இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அம்மா அதை டேப் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள், நான் எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் தரையில் கிடந்தபடியே அம்மா முதலில் என்னைத் தேடினாள், நான் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் பஸ் டிரைவரிடம், பாத்தீங்களா, ஒரு சொல்லுக்கு நின்னுட்டா என்றாள். கை தொங்கிக்கொண்டிருக்கிறது, சிரிக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன். பிறகு பல் டாக்டரிடம் சொன்னாள், எக்ஸ்ரே எடுத்தவரிடம் சொன்னாள், கடையில் சொன்னாள். அப்பா போனில், டிரைவர் பொண்ணுன்னா சும்மாவா என்றார். பல் டாக்டர் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து, உன்னை மாதிரி பிள்ளைக்குக் காலம் முழுக்கப் பல்லை இலவசமாகப் பார்க்கிறேன் என்றார். அதைக் கேட்பதற்குப் பதில் என்னையும் அந்தக் கதவே இடித்திருக்கலாம். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அது வேறு யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றிய கதை போல இருந்தது, அவளைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து நான் சைக்கிளில் ஏறவே இல்லை. தெருமுனை திரும்பும்வரை ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு காலால் உந்திக்கொண்டு போவேன், பிறகு இறங்கிப் பள்ளிக்கூடம்வரை தள்ளிக்கொண்டே போவேன். அதற்காகத்தான் சீக்கிரம் கிளம்புகிறேன். அணிலுக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அம்மா அதற்கும் பெருமைப்படுகிறாள். கார் வரிசை கண்ணில் பட்டாலே எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறக்கப் போகிற மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும்விட அந்த விரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மாவுக்கட்டுக்கு வெளியே விரல்நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அம்மா தூங்கிய பிறகு ஆள்காட்டி விரலின் நுனியை மெல்லத் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்து விரலைத் தொட்டால் தூக்கத்திலேயே இழுத்துக்கொள்வாள், அதைத் தொட்டால் அசையாது. என்னால்தான் அம்மாவுக்குத் தையல் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுப்பேன். இன்று அம்மா ஆ என்று கத்தியதும் நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார், எங்கம்மாவுக்கு வலிக்குது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் என்ன நினைத்தாரோ. விரல் சரியாகாமல் போயிருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது அக்கா, அதையும் உண்மையாகவே சொல்கிறேன்.

ஆனால் இன்று எழுதியாக வேண்டும். அம்மா திரும்பச் சைக்கிள் எடுக்கப் போகிறாள். அவள் கதவு என்று கத்தினால் நான் சரியாகச் செய்வேன் என்று நம்பிக்கொண்டு பின்னால் வருவாள். இப்போது காஜா எடுக்கிற அக்காவும் கத்துகிறாள், நீயும் கத்தப் போகிறாய். அந்தச் சொல் அன்றைக்கு வேலையே செய்யவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த தடவை நான் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் கதவு என் பக்கமோ, பஸ் அம்மா பக்கமோ இருந்தால் என்ன செய்வது.

அம்மா, மூடும் முன்னால் நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். படிக்காமல் நீ எந்தக் கடிதத்தையும் ஒட்டியதில்லை. அதனால்தான் அக்காவுக்கு எழுதுகிற மாதிரி இதில் எழுதினேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீ திட்டினாலும் பரவாயில்லை, என்னை நம்பிக்கொண்டு பின்னால் வராதே. எழுதி முடித்த பிறகும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. விளக்கும் மங்கிவிட்டது, நிறுத்துகிறேன்.

பெரியவளே, இது என் கை. எழுத்தைப் பார்த்து எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து நடந்ததோ என்று நினைக்காதே, விரல் பழகுகிறது. காலையில் எழுந்ததும் மேலே உள்ளதை முழுக்கப் படித்தேன். ல, ள எல்லாம் சரியாக இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து எழுதியிருக்கிறாள், அதைப் பார்த்ததுமே இவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. போய் எழுப்பினேன். எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு காகிதத்தையே பார்த்தாள். எந்தக் கதவுடி என்றேன். "நம்ம வீட்டுக் கதவுதாம்மா" என்றாள். "பூட்டியிருந்தியா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் நான் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பிறகு சிரித்த சிரிப்பில் கட்டுப் பிரித்த கை வலியெடுத்துவிட்டது. கடைசியில் அழுதோம்தான், அதை விடு.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். முன்னால் போகிற சைக்கிள் எதற்காக நின்றாலும் பின்னால் வருகிறவளுக்கு நிற்க இடம் இருக்க வேண்டும். நாய் குறுக்கே வந்தாலும் அவள் அப்படித்தான் நின்றிருப்பாள். நான் அவள் சக்கரத்தை ஒட்டிக்கொண்டே போனேன், அது என் தப்பு, அவள் கணக்கில் எழுத ஒன்றும் இல்லை. கார்களையும் உரசிக்கொண்டுதான் போனோம், அதுவும் ஓரமாகவே போ என்று சொல்லி அவளை முன்னால் விட்ட என் தப்புதான். கதவு என்ற சொல்லை இன்றோடு நிறுத்திவிட்டோம். வேறு என்ன சொல்லலாம் என்று காப்பி ஆறும்வரை சண்டை. கத்தரி என்றாள், அந்தச் சொல்லைக் கேட்டால் நான் நின்று தேட ஆரம்பித்துவிடுவேன் என்றேன். பல்லி என்றேன், சைக்கிளோடு குதித்துவிடுவேன் என்றாள். கடைசியில் பொருளின் பெயரே வேண்டாம், நில்லு என்று மட்டும் சொன்னால் போதும் என்று முடிவாயிற்று, அதுவும் அவள் சொன்னதுதான். நீயும் அப்படியே சொல். காஜா எடுக்கிற அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பல் டாக்டரிடம் இவளே போய்ச் சொல்வதாக இருக்கிறாள், இலவசப் பல் வைத்தியம் போனாலும் போகட்டும் என்கிறாள்.

பிறகு என் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார், அவரையே தன் காரின் கதவை அகலத் திறக்கச் சொன்னேன், என்னம்மா காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா என்றார். காரின் உடம்பிலிருந்து கதவின் விளிம்புவரை அளந்தேன், ஒரு ஆள் கை நீட்டினால்கூடத் தொட முடியாத தூரம்வரை வருகிறது. அத்தனை அகலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த விளிம்புக்கு வெளியே, இன்னும் ஒரு முழம் தள்ளி, தையல் சுண்ணாம்பால் தெரு நீளத்துக்கும் ஒரு கோடு போட்டேன். இனி கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும், பின்னால் வருகிற வண்டிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், இடம் இருக்கும்போது அவரே தாண்டிப் போய்க்கொள்வார். கோடு போட்டு முடித்து நிமிர்ந்தால் அணில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏறு என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தாள், பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள், ஏறினாள். முதலில் தடுமாறினாள். பிறகு நேராகிவிட்டாள். கார் வரிசையை விட்டுத் தள்ளி, கோட்டுக்கு வெளியே, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தாள். அவள் வரும்வரை என் வாய்க்குள் என்னென்னவோ சொற்கள் வந்து முட்டின. ஒன்றையும் வெளியே விடவில்லை.

நீ ஓடி வர வேண்டாம், வேலையைப் பார். ஹெல்மெட்டோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருப்பது தெரிய வேண்டும். எனக்குப் புது ஹெல்மெட் நானே வாங்கிக்கொள்கிறேன், பழையது இவள் ஒளித்து வைத்த பரண்மேலேயே கிடக்கட்டும். நீ போகிற வழியெல்லாம் அகலமாக இருக்கட்டும், உன்னைப் பார்த்து ஓட்டுகிறவர்களே உன் முன்னும் பின்னும் வரட்டும், மாலையில் களைத்துப்போனாலும் முழுசாக வீடு சேர். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, அவரிடம் இன்று இரவு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா

(பக்கத்திலேயே உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருக்கும் அணிலும்)